வயிற்றுப் பிள்ளை எதைக் கற்கிறது?

திருகோணமலையில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்துவிட்டால் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. உவர்மலையில் மாமியார், "அழாதே பிள்ளை, வயித்துப் பிள்ளைக்குக் கேக்கும்" என்பார். கிண்ணியாவில் உம்மா சூரா மர்யமை ஓதச் சொல்வார். 120 நாளில் ரூஹ், அதாவது உயிர், ஊதப்பட்டுவிடும், அதன் பிறகு பேச்சிலும் நினைப்பிலும் கவனம் வேண்டும் என்பார். கத்தோலிக்க வீட்டில், மரியாளின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளிய கதை இருக்கிறது. சைவ வீடென்றால், அர்ச்சுனன் சொன்ன வியூகத்துக்குள் நுழையும் வழியை வயிற்றிலிருந்தே கேட்ட அபிமன்யு. கர்ப்பிணிகளுக்கென்று நடக்கும் கருத்தரங்கு எதுவும் அவன் தலை காட்டாமல் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

அபிமன்யுவை விட எனக்கு மாணிக்கவாசகர் நெருக்கமாகப் படுகிறார். போற்றித் திருவகவலில் அவர் கருப்பை வாழ்வை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு போகிறார். அங்கே வியூகப் பாடம் கேட்கும் கெட்டிக்காரப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்றிலிருந்து தப்பிப் பிழைக்கும் உயிர்தான் இருக்கிறது. பத்தாம் மாதம் வரும்போது, "தாயொடு தான்படும் துக்க சாகரத் துயரிடைப் பிழைத்தும்" என்கிறார். உளவியல் கடந்த நூறு வருடங்களில் கண்டதையெல்லாம் படித்துவிட்டுப் பார்த்தால், இந்த வரிதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வயிற்றுக்குள் பாடம் போவதில்லை. தாய் அன்றாடம் வாழும் வாழ்க்கைதான் போகிறது.

உளவியலாளர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு வழியாக வந்தார்கள். ஒரு கூட்டம், வளர்ந்தவர்களைப் படுக்க வைத்துப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போய்க் கருப்பையைத் தொட்டது. மற்றது, பிறந்து இரண்டு நாளான பிள்ளையிடமே நேராகப் போனது. முதல் கூட்டத்தின் கதைகள் சுவையானவை. நம்பத் தகுந்த செய்திகள் இரண்டாவது கூட்டத்திடம்தான் இருக்கின்றன.

1924 இல் வியன்னாவில் ஒட்டோ ராங்க் ஒரு நூல் எழுதினார். மனிதனுக்கு வரும் பதற்றம் அத்தனைக்கும் மூலம் பிறப்பு என்னும் அதிர்ச்சிதான் என்பது அதன் சாரம். வெதுவெதுப்பான இடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவன் வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைத் தேடி அலைகிறானாம். நூலைத் தன் ஆசான் சிக்மண்ட் ஃபிராய்டுக்கே காணிக்கையாக்கினார். ஆசான் முதலில் ஆதரவாகத்தான் இருந்தார், அப்புறம் தயங்கினார், 1926 இல் எழுத்திலேயே மறுத்தார். தாய் என்று தனியே ஓர் ஆள் இருப்பதே பிறக்கும் பிள்ளைக்குத் தெரியாது, பிரிந்துவிட்டோம் என்று அது எப்படி அஞ்சும் என்று கேட்டார். ஆனால் அதே நூலில், கருப்பை வாழ்வுக்கும் குழந்தைப் பருவத்துக்கும் இடையில் நாம் நினைப்பதை விடத் தொடர்ச்சி அதிகம் என்றும் ஒரு வரி எழுதி வைத்தார். பின்னால் வந்த கருக்கால உளவியலாளர்கள் மறுப்பை விட்டுவிட்டு இந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வரிசையில் நமக்குப் பக்கத்தில் வந்து போனவர் ஃபிராங்க் லேக். ஆங்கிலேயர். மிஷனரி மருத்துவராக இந்தியாவுக்கு வந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர். ஒட்டுண்ணிகளைப் படித்தவர், மனநல மருத்துவத்துக்கு மாறினார். இங்கிலாந்துக்குத் திரும்பி, நோயாளிகளுக்கு எல்எஸ்டி என்னும் மனமயக்க மருந்தைக் கொடுத்தும், பிறகு ஆழமாக மூச்சு விடச் செய்தும் பின்னோக்கி அனுப்பினார். அவர்கள் சொன்னதை வைத்து, கருத்தரித்த முதல் மூன்று மாதத்தில் தாய் படும் துன்பமே பிள்ளையின் பிற்கால மனத்துயருக்கு வேர் என்ற முடிவுக்கு வந்தார். செக் நாட்டு ஸ்டானிஸ்லாவ் குரோஃப் அதே மருந்தை வைத்துக்கொண்டு, பிரசவத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மனதில் ஓர் அச்சைப் பதிக்கிறது என்றார். 1981 இல் கனடாவின் தாமஸ் வெர்னி எழுதிய நூல் இந்த எண்ணங்களைச் சாதாரண வாசகர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சிக்கல் எங்கே என்றால், வயிற்றில் மூன்று மாதமான சிசுவின் மூளையில் நினைவைச் சேர்த்து வைப்பதற்கான கட்டமைப்பு இன்னும் உருவாகவே இல்லை. பிறந்த பிறகும்கூட, மூன்று மூன்றரை வயதுக்கு முந்திய சம்பவங்கள் நம்மில் பெரும்பாலானோருக்கு ஞாபகத்தில் தங்குவதில்லை. மருந்தின் மயக்கத்தில் ஒருவர் "இருட்டில் நெரிபட்டேன்" என்றால், அது ஞாபகமா, வைத்தியர் எதிர்பார்ப்பதை உணர்ந்து மனம் கட்டிய கதையா என்று பிரித்தறிய வழியில்லை. ராங்க் சொன்னது சரியென்றால் சீசரில் பிறந்தவர்கள் பதற்றம் குறைந்தவர்களாக வளர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இப்போது சீசர் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி மற்றக் கூட்டத்துக்கு வருவோம். ராங்கின் நூல் வந்த மறு வருடம், 1925 இல், அல்பிரெக்ட் பைப்பர் என்ற ஜெர்மன் குழந்தை மருத்துவர் ஒரு மோட்டார் வண்டி ஹோர்னைக் கர்ப்பிணியின் அருகில் வைத்து அடித்துப் பார்த்தார். வயிற்றில் பிள்ளை துள்ளியது. திரும்பத் திரும்ப அடித்தபோது துள்ளல் குறைந்துகொண்டே போனது. பழகிப் போவது கற்றலின் மிக எளிய வடிவம். பிறக்காத பிள்ளை ஏதோ ஒன்றைக் கற்கிறது என்பதற்கு ஒரு ஹோர்ன் சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால் குரலை அடையாளம் காணுமா? இதற்கான பரிசோதனை வர 1980 ஆகிவிட்டது. அமெரிக்காவின் வட கரோலினாவில் அன்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் செய்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பேச முடியாத பிள்ளையிடம் கேள்வி கேட்கும் வித்தை அதில்தான் இருக்கிறது. பிறந்து மூன்று நாள் ஆகாத பத்துப் பிள்ளைகள். காதில் ஹெட்ஃபோன். வாயில் பால் வராத சூப்பி. அதன் மறுமுனை அழுத்தத்தை அளக்கும் கருவியோடு இணைந்திருந்தது. பிள்ளை சூப்புவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது ஒரேயடியாகச் சூப்பாது. சில இழுவை, ஒரு சின்ன ஓய்வு, மறுபடி சில இழுவை. ஆய்வாளர்கள் அந்த ஓய்வைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு, தங்கள் வழக்கத்தை விட நீளமாக ஓய்ந்தால் அம்மா கதை வாசிக்கும் குரல் கேட்கும். சுருக்கமாக ஓய்ந்தால் வேறொரு தாயின் குரல் கேட்கும். மீதிப் பாதிக்கு இது தலைகீழ். பத்தில் எட்டுப் பிள்ளைகள் அம்மாவின் குரல் வரும் பக்கமாகத் தங்கள் தாளத்தை மாற்றிக்கொண்டன.

பிறந்த பிறகு கிடைத்த சில மணி நேரத்தில் பழகியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். அதற்குப் பதில் 1986 இல் வந்தது. டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்சும் 16 கர்ப்பிணிகளிடம் கடைசி ஆறு வாரம், தினமும் இரண்டு தடவை, ஒரு குழந்தைக் கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். பிறந்ததும் அதே சூப்பி, அதே ஹெட்ஃபோன். வயிற்றில் கேட்ட கதையையே பிள்ளைகள் நாடின, அதுவும் வேறொரு பெண் வாசித்தபோது. கதை விளங்கியதால் இல்லை. வாசிப்பின் ஏற்ற இறக்கமும் ஓட்டமும் பழகியிருந்தன, அவ்வளவுதான். அபிமன்யு நுழைவழி கற்ற கதைக்கு ஆய்வுகூடம் தரக்கூடிய அதிகபட்ச ஆதரவு இதுதான்: அர்ச்சுனன் பேசிய தாளம் அவனுக்குப் பழகியிருக்கலாம், வியூகம் விளங்கியிருக்காது.

அதுகூட அர்ச்சுனனின் குரல் என்பதால் சந்தேகம். அப்பாவின் குரலை வைத்து 1984 இல் இதே போன்ற பரிசோதனை நடந்தது. இரண்டு ஆண்களின் குரலைப் பிள்ளைகள் வேறுபடுத்தின. ஆனால் அப்பாவுக்குத் தனிச் சலுகை எதுவும் தரவில்லை. காரணம் எளிது. அம்மாவின் குரல் காற்று வழியாக மட்டும் போவதில்லை, உடம்பு வழியாகவும் எலும்பு வழியாகவும் இறங்குகிறது. வெளியிலிருந்து வரும் சத்தங்கள் அடிவயிற்றைக் கடக்கும்போது உயர்ந்த சுருதிகள் மங்கிவிடும், தாழ்ந்த சுருதிகள்தான் உள்ளே போகும். செம்மறியாட்டின் கருப்பைக்குள் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்து கேட்டபோது இது தெளிவானது. சொற்களின் மெய்யொலிகள் கரைந்துபோய், பேச்சின் ராகம் மட்டும் மிஞ்சும். கோணேசர் கோயில் மணியோசையில் கணீரென்ற பகுதி தேய்ந்து அடிநாதம்தான் எட்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதும் தாழ்ந்த சங்கொலி ஓரளவு நன்றாகவே போய்ச் சேரும். கிட்டத்தட்ட 24 முதல் 28 வாரத்துக்குள் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்குகிறது. அதற்கு முன் வயிற்றுக்குப் பாட்டுப் போடுவது போடுபவரின் திருப்திக்கு.

கேட்டது எவ்வளவு நாள் நிற்கும்? பெல்பாஸ்டில் பீட்டர் ஹெப்பர் இதை 1980களின் கடைசியில் ஒரு வேடிக்கையான வழியில் பார்த்தார். கர்ப்ப காலத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்த்த தாய்மார் இருந்தார்கள். நம்மூரில் இரவு நாடகம் பார்க்கும் அம்மாக்களைப் போலத்தான். பிறந்து சில நாளில் அந்தத் தொடரின் தொடக்க இசையைப் போட்டதும், அவர்களுடைய பிள்ளைகள் அசைவை நிறுத்தி, இதயத்துடிப்புக் குறைந்து, உன்னிப்பாகக் கேட்டன. மற்றப் பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 21 நாள் கழித்துப் போட்டபோது அந்தப் பழக்கம் போய்விட்டது. தொடர்ந்து கேட்காத ஒன்று மறந்துபோகிறது. கருப்பைக் கல்வி வகுப்பு விற்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதே இல்லை.

மறக்காதது, பிறந்த பிறகும் விடாமல் கேட்பது: தாய்மொழி. 1993 இல் கிறிஸ்டின் மூனும் கூட்டாளிகளும் இரண்டு நாள் பிள்ளைகளே தாயின் மொழியை மற்ற மொழியை விட விரும்புகின்றன என்று காட்டினார்கள். 2009 இல் ஜெர்மனியில் கத்லீன் வெர்ம்கேயின் குழு 30 பிரெஞ்சுப் பிள்ளைகளும் 30 ஜெர்மன் பிள்ளைகளும் அழுவதைப் பதிவு செய்தது. பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை ஏறிப் போனது, ஜெர்மன் பிள்ளைகளின் அழுகை இறங்கி வந்தது, இரண்டும் அந்தந்த மொழிப் பேச்சின் ராகம் போல. இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. திருகோணமலைக்குப் பொருத்தமானது 2010 இல் வன்கூவரில் நடந்த ஆய்வு. கர்ப்ப காலத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியும் மாறி மாறிப் பேசிய தாய்மாரின் பிள்ளைகள் பிறந்தவுடன் இரண்டு மொழியையும் ஒரே அளவு நாடின, அதே நேரம் இரண்டையும் பிரித்தும் அறிந்தன. சந்தையில் தமிழும் சிங்களமும் கலந்து பேரம் பேசும் தாய்க்கு, பிள்ளை குழம்பிவிடுமோ என்ற கவலை வேண்டியதில்லை.

இந்த ஆய்வுகளின் நிழலில் ஒரு வியாபாரமும் வளர்ந்துவிட்டது. 1993 இல் 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் கேட்டுவிட்டு ஒருவகைப் புதிரில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சற்று நன்றாகச் செய்தார்கள். பிள்ளை, கருப்பை எதுவும் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 1998 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இசைத்தட்டுக் கொடுக்க 105,000 டொலர் கேட்டார். நம் பக்கம் அதுவே யூடியூபில் 'கர்ப்பிணிகள் கேட்க வேண்டிய இசை' என்று ஓடுகிறது. வயிற்றில் ஹெட்ஃபோன் கட்டிச் சத்தமாகப் போடுவது மட்டும் வேண்டாம்; உள்ளே காதை மூடிக்கொள்ள வழியில்லை.

நாக்குக்கும் மூக்குக்கும் வருவோம், இது நம் சமையலறைக்கு நெருங்கிய விஷயம். பனிக்குட நீரைச் சிசு விழுங்கிக்கொண்டே இருக்கிறது. தாய் உண்பதன் வாசனை அந்த நீரில் இறங்குகிறது. 1995 இல் ஜூலி மெனெல்லா பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கு வந்த பத்துப் பெண்களில் ஐந்து பேருக்கு உள்ளி மாத்திரை கொடுத்தார். எடுத்த நீரை மோந்து பார்த்தவர்கள், பெரும்பாலும் எது உள்ளி சாப்பிட்டவரின் நீர் என்று சொல்லிவிட்டார்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெருஞ்சீரகத்தை ஒத்த அனிஸ் சேர்த்த பண்டங்களைக் கடைசி இரு வாரம் உண்ட தாய்மாரின் பிள்ளைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே அந்த மணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பின. மற்றப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை அல்லது முகம் சுளித்தன. மெனெல்லாவின் 2001 ஆய்வில், தாய் கரட் சாறு குடித்திருந்தால் பிள்ளை ஆறாம் மாதமளவில் கரட் கலந்த உணவைச் சுளிக்காமல் உண்டது.

நம் வீடுகளில் இதன் தொடர்ச்சியைத் தெரியாமலே வைத்திருக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கு உள்ளியும் மிளகும் சேர்த்துச் சரக்கு அரைத்த பத்தியக் கறி வைப்போம், பால் சுரக்கச் சுறா வறை கொடுப்போம். வயிற்றில் பழகிய வாசனை தாய்ப்பாலிலும் தொடர்கிறது. பிறகு சோற்றிலும் அதுதான். பிள்ளைக்கு ஊர்ச் சாப்பாடு பிடிப்பதற்கான அடித்தளம் இப்படித்தான் விழுகிறது.

2022 இல் இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் திரையில் பார்த்தபோது, தாய் கரட் மாத்திரை விழுங்கினால் சிசு சிரிப்பது போன்ற முகமும், கைப்பான கேல் கீரை மாத்திரை என்றால் அழுவது போன்ற முகமும் காட்டியது. படங்கள் உலகமெல்லாம் பரவின. அது தசைகளின் அசைவு. மகிழ்ச்சியும் வருத்தமும் உள்ளே இருந்தனவா என்பது படத்தில் இல்லை.

அந்தக் கேள்விதான் கடினம். கற்பது வேறு, உணர்ந்து அறிவது வேறு. நியூசிலாந்தின் டேவிட் மெல்லரும் சுவீடனின் ஹூகோ லாகெர்கிரான்ஸும் சொல்வது என்னவென்றால், சிசு ஏறக்குறைய எந்நேரமும் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஒட்சிசன் அளவு குறைவு. நஞ்சுக்கொடி சுரக்கும் சில பொருட்கள் மயக்க மருந்து போல வேலை செய்கின்றன. நாம் உதை என்று மகிழ்வதில் பெரும்பகுதி தூக்கத்தின் அசைவு. பிறக்கும் நேரத்தில் பாயும் ஓமோன்களும் குளிரும் காற்றும் சேர்ந்து அதைத் தட்டி எழுப்புகின்றன. பிறப்பை அதிர்ச்சி என்று ராங்க் சொன்னார். இவர்களுடைய கணக்கில் அது விழிப்பு.

வலி பற்றி மட்டும் அவசரப்பட்டு 'தெரியாது' என்று சொல்லிவிடக் கூடாது. 1980கள் வரை, பிறந்த பிள்ளைகளுக்கே வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்தின்றிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் 1987 இல் வெளியிட்ட ஆய்வுகள் அதை மாற்றின. சிசுவைப் பொறுத்தவரை, 2005 இல் வந்த ஒரு பெரிய மதிப்பாய்வு ஏழாம் மாதத்துக்கு முன் வலியுணர்வுக்கு வாய்ப்புக் குறைவு என்றது. 2020 இல் ஸ்டுவர்ட் டெர்பிஷயர், முன்பு இல்லை என்று வாதாடியவர், அதற்கு முன்னரும் ஏதோ ஒரு வகை வலி இருக்கக்கூடும் என்று எழுதினார். வாதம் முடியவில்லை.

இப்போது மாமியாரின் "அழாதே" பக்கம் திரும்பலாம். திருகோணமலைக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது எத்தனையோ பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு ஓடினார்கள். 2006 இல் போரினால் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் இடம்பெயர்ந்தபோதும் அப்படித்தான்; கிளிவெட்டி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெரியவர்கள். 'வயிற்றிலிருக்கும்போதே பயந்த பிள்ளை' என்று அவர்களில் சிலரைச் சுட்டுவது உண்டு. அதில் உண்மை எவ்வளவு?

கொஞ்சம் இருக்கிறது. தாயின் பதற்றத்தில் கோர்ட்டிசோல் ஓமோன் ஏறுகிறது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதியம் அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், ஆனால் முழுவதையும் தடுக்காது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் பனிமழைப் புயல் வந்து, லட்சக்கணக்கான வீடுகளில் நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சூசன் கிங் அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்தார். அதிக நாள் அவதிப்பட்டவர்களின் பிள்ளைகள் மொழியிலும் அறிவுத்திறனிலும் சராசரியில் சற்றுப் பின்தங்கியிருந்தன. இந்த ஆய்வின் சிறப்பு, மின்சாரம் போனது ஏழை பணக்காரன் பார்த்துப் போகவில்லை என்பது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதலின் போது நியூயோர்க்கில் கர்ப்பமாக இருந்த 38 பெண்களை ரேச்சல் யெஹூடா ஆராய்ந்தார். அதிர்ச்சியின் பின்விளைவு நோயாகத் தங்கிவிட்ட தாய்மாருக்கும் அவர்களுடைய ஒரு வயதுப் பிள்ளைகளுக்கும் கோர்ட்டிசோல் குறைவாக இருந்தது.

இங்கேதான் எண்களைச் சரியாக வாசிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வில், கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் மிக அதிகப் பதற்றத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தைச் சிக்கல் வரும் வாய்ப்பு இரட்டிப்பாக இருந்தது. இரட்டிப்பு என்றால் பயமாக இருக்கும். நூற்றுக்கு 5 என்பது 10 ஆனது என்பதுதான் அதன் பொருள். மற்ற 90 பிள்ளைகளும் நன்றாகத்தான் இருந்தன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேனட் டிபியட்ரோ 2006 இல் கண்டது இன்னும் சுவாரசியம்: ஆரோக்கியமான, வசதியான தாய்மாரிடையே, மிதமான மன அழுத்தம் இருந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு வயதில் சற்று முன்னேறியிருந்தன. அன்றாடக் கவலையும் இரண்டு துளிக் கண்ணீரும் பிள்ளையைக் கெடுக்காது.

பரம்பரையின் பங்கையும் கழித்துப் பார்க்க வேண்டும். பதற்றப்படும் தாய்க்குப் பதற்றப்படும் பிள்ளை பிறப்பது மரபணுவாலும் இருக்கலாம். கார்டிஃபில் பிரான்சிஸ் ரைஸ், செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த பிள்ளைகளை வைத்து இதைப் பிரித்தார். அவர்களில் சிலர் தாயின் கருமுட்டையில் பிறந்தவர்கள், சிலர் தானம் பெற்ற கருமுட்டையில் பிறந்தவர்கள், அதாவது சுமந்த தாயோடு மரபணுத் தொடர்பு இல்லாதவர்கள். கர்ப்ப கால மன அழுத்தத்தோடு குறைந்த பிறப்பெடையும் முரட்டுத்தனமும் இரு குழுவிலும் தொடர்புபட்டிருந்தன. கவனச் சிதறல் மட்டும் மரபணுத் தொடர்பு உள்ளவர்களிடம்தான் தெரிந்தது. பிள்ளையின் பதற்றமோ, கர்ப்பத்தை விடத் தாயின் இப்போதைய மனநிலையோடுதான் கூடுதலாகப் பிணைந்திருந்தது. வயிற்றில் நடந்ததைத் திரும்பப் போய் மாற்ற முடியாது. இப்போதைய மனநிலைக்கு ஏதாவது செய்யலாம்.

இந்தத் துறையின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. லேக் தொடங்கி இன்றைய யூடியூப் வரை, பிள்ளைக்கு எது பிழைத்தாலும் சுட்டுவிரல் தாயின் வயிற்றை நோக்கித்தான் நீள்கிறது. கணவன் குடித்துவிட்டு வந்து சண்டை பிடிப்பான், கடலுக்குப் போக முடியாமல் வருமானம் நிற்கும், கடன் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் அவளிடம் போய் 'நீ சந்தோஷமாக இரு, பிள்ளைக்கு நல்லது' என்கிறோம். அழுததற்காகவும் அவள் குற்றவாளியாகிறாள்.

மூதூர்ப் பக்கமோ குச்சவெளிப் பக்கமோ கிளினிக் நாளில் போய் நின்றால் வரிசையில் உள்ள பேச்சிலேயே இது காதில் விழும். நிறை பார்ப்பார்கள், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், திரிபோஷச் சத்துமாப் பைக்கற்றைக் கையில் கொடுப்பார்கள். "மிஸ்ஸி, இரவில நித்திரையே வருதில்லை" என்று ஒருத்தி மெல்லச் சொன்னால், அதைக் கேட்க மருத்துவமாதுக்கு நேரம் இருக்கிறதா என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. ஆனால் ஆள் இருக்கிறார். 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து படிப்படியாகக் கட்டிய ஏற்பாடு இது. வீட்டுக்கே வந்து வாசலில் குந்தியிருந்து கதைக்கும் மருத்துவமாது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் செய்தது இதனால்தான் நமக்கு முக்கியம். 2008 இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் மனச்சோர்வில் இருந்த 903 தாய்மார். மனநல வைத்தியர் யாரும் போகவில்லை. கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, தாயின் எண்ணங்களைப் பேசிச் சீராக்கும் எளிய முறையோடு வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஒரு தாய்க்கு 16 சந்திப்புகள், வீட்டாரையும் உட்கார வைத்துக்கொண்டு. மற்றக் கிராமங்களுக்கும் பணிப்பெண்கள் அதே தடவை போனார்கள், ஆனால் இந்தப் பயிற்சி இல்லாமல். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்றவர்கள் போன கிராமங்களில் 23 சதவீதத் தாய்மாருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. மற்றக் கிராமங்களில் 53 சதவீதம். பிள்ளைகளின் நிறையிலும் உயரத்திலும் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு வயிற்றோட்டம் குறைவாக வந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது, தாயும் தகப்பனும் அவர்களோடு விளையாடிய நேரம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கைந்நூலாக 2015 இல் வெளியிட்டிருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளப் பணிப்பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தேவைப்படவில்லை.